எட்டுக் கண் சுவர்

“எல்லாச் சுவரையும் அளந்துட்டோம் மேடம். உங்க வீட்டுச் சுவரை மட்டும் விட்டுட்டோம். உங்க வீட்டு அளவு உங்களுக்குத் தெரியாததா? அங்க போய் நாங்க டேப்பைப் பிடிச்சா மரியாதையா இருக்காது.”

சர்வேயர் தொலைபேசியில் சொன்ன இந்த வார்த்தைகளைக் கேட்டபடி நின்ற பெரியவளை அப்படியே விட்டுவிட்டுத்தான் போன வாரம் நாம் பிரிந்தோம். அந்த மரியாதை அவளை அதற்குப் பிறகு தூங்கவிடவில்லை.

பெரியவள் வெள்ளக் கணக்குப் போடுகிறவள். எவ்வளவு மழை பெய்தால் ஆறு எங்கே கரை தாண்டும், தாண்டிய தண்ணீர் எந்தத் தெருவில் எவ்வளவு ஆழம் நிற்கும் என்று கணினியில் ஓட்டிப் பார்ப்பது அவள் தொழில். முப்பது வருஷமாக அதுதான் அவளுக்குச் சோறு, அதுதான் துணை. இப்போது அவள் கையில் இருப்பது அவள் பிறந்த ஊரின் கணக்கு. இனி வரும் காலத்தில் மழை இன்னும் கொட்டும் என்கிறார்கள். அப்போது எந்தத் தெரு பிழைக்கும், எது மூழ்கும் என்று நகராட்சி வரைபடம் கேட்டிருந்தது. நாளைக் காலை ஊர்க் கூட்டத்தில் அதைப் படித்துக் காட்ட வேண்டும்.

வரப்போகும் வெள்ளத்தைச் சொல்வதற்கு முன், வந்துபோன வெள்ளத்தைக் கணக்கு சரியாகச் சொல்லிக் காட்ட வேண்டும். அங்கேதான் இடித்தது. மூன்று வருஷத்துக்கு முன் கீழ்த் தெருவில் மார்பளவு தண்ணீர் நின்றது. ஓர் உயிரும் போனது. கணக்கு முழங்கால் அளவு என்கிறது. எத்தனை முறை ஓட்டினாலும் முழங்காலுக்கு மேல் ஏற மாட்டேன் என்று அடம் பிடித்தது.

வாய்க்கால் ஓரத்தில் குடியிருப்பவர்களின் வீடுகள்தான் தண்ணீரை மறித்தன என்று நகராட்சி என்ஜினியர் தானாகவே முடிவு கட்டிவிட்டார். “அதை எடுக்கணும்னு ஒரு வரி எழுதிக் குடுங்க மேடம், மத்ததை நாங்க பாத்துக்கிறோம்” என்றார். பெரியவள் எழுதவில்லை. எழுதாமல் இருப்பதற்கு ஒரு காரணமும் அவள் கையில் இல்லை.

இப்போது ஒரு சுவர் அகப்பட்டிருக்கிறது. அவள் அப்பா கட்டிய சுவர்.

கீழ்த் தெருவுக்கும் அவள் பிறந்த வீட்டின் தோட்டத்துக்கும் நடுவே நீளமாக நிற்பது அது. அப்பா பாசனத் துறையில் ஓவர்சியராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் ஊரில் ஓவர்சியர் என்றால் அவர் ஒருவர்தான். சுவர் எழுப்பியபோது, தெருத் தண்ணீர் தங்கிவிடக் கூடாது, நம் தோட்டத்து வழியாகவே ஓடி வாய்க்காலில் விழட்டும் என்று அடியில் எட்டுக் கண் வைத்துக் கட்டினார். பாலத்துக்குக் கண் வைப்பதுபோல, ஒவ்வொன்றும் தண்ணீர் போகிற அகலத் திறப்பு. சொந்தத் தோட்டத்தை ஊருக்கு வடிகாலாகக் கொடுக்கிற மனிதர் உண்டா என்று அந்தக் காலத்தில் சிரித்தவர்களும் உண்டு. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

விமானத்திலிருந்து எடுத்த நிலப்படத்தில் மரம், கூரை, சுவர் எல்லாவற்றையும் வழித்துவிட்டு வெறும் தரையை மட்டும் வைத்துக்கொள்வது இந்தத் தொழிலின் வழக்கம். பிறகு சுவர்களை நேரில் அளந்து ஒவ்வொன்றாகத் திரும்ப நிறுத்துவார்கள். ஆக, கணினிக்குள் இருந்த ஊரில் எல்லார் வீட்டுச் சுவரும் இருந்தது. அவள் வீட்டுச் சுவர் மட்டும் இல்லை.

எட்டுக் கண் இருக்கிற சுவர் எதையும் மறிக்கப் போவதில்லை. ஆனாலும் அளக்காததை அவள் எழுத மாட்டாள். பையில் டேப்பையும் மடிக்கணினியையும் வைத்துக்கொண்டு கிளம்பினாள். சொல்லிவிட்டுப் போக வேறு ஆளில்லாததால் குடியிருப்பின் காவல்காரரிடம் சொன்னாள்.

“அப்பா வீட்டுக்குப் போயிட்டு வர்றேன்.”

“ஏதாவது விசேஷமா மேடம்?”

“ஒரு சுவரை அளக்கணும்.”

அவர் அவளைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. பெரியவள் அதைக் கவனிக்காதவள்போல நடந்தாள்.

*

“வாங்க அண்ணி” என்று தம்பியின் மனைவி கதவைத் திறந்தாள். நல்ல பெண். குறை சொல்ல இடம் வைக்காதவள். விருந்தாளி வந்தால் மட்டும் அலமாரியிலிருந்து இறங்கும் நீலக்கரைக் கோப்பையில் காப்பி கொண்டுவந்து வைத்தாள். அந்த வீட்டில் மற்றவர்களுக்கெல்லாம் எவர்சில்வர் தம்ளர். தனக்கும் ஒரு தம்ளர் இருந்தது, அடியில் சின்னதாக நசுங்கியிருக்கும் என்று சொல்ல வாயெடுத்து, பெரியவள் காப்பியைக் குடித்தாள்.

ஓவர்சியர் முன்னறையில் மர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இடுப்பெலும்பு முறிந்து ஆறு வருஷமாகிறது. முன்னறையை விட்டு அவரால் போக முடியாது. சாய்வு நாற்காலி வாங்கிவந்த மகனிடம், “சாஞ்சு உட்கார நான் என்ன தப்புப் பண்ணினேன்?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பியவர்.

“வந்துட்டியா.”

“வந்துட்டேன்ப்பா.”

“கணக்கு எங்க நிக்குது?”

அவர்கள் பேச்சு எப்போதும் அங்கேதான் தொடங்கும். தனியாக எப்படி இருக்கிறாய் என்று கேட்கத் தெரியாதவர் இல்லை அவர். கேட்டு, அவள் உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன செய்வதென்று தெரியாதவர்.

“கீழ்த் தெருவுல முழங்கால்லயே நிக்குதுப்பா. மேல ஏறலை.”

“அப்போ எங்கயோ அடைப்பு இருக்கு.”

“வாய்க்கால் ஓரத்து வீடுங்கன்னு சொல்றாங்க.”

“அந்தத் தகரக் கொட்டகைங்க தண்ணிய மறிக்குமா? தண்ணி வந்தா அதுங்கதான் முதல்ல கிளம்பிப் போகும்.” ஓவர்சியருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. “எந்த என்ஜினியர் சொன்னது? கால்ல சேறு பட்ட ஆளா, படாத ஆளா?”

“படாத ஆளுதான்.”

“நீ நம்ம சுவரை அளந்து போடு. எட்டுக் கண்ணும் எவ்வளவு தண்ணி வாங்கும்னு அப்போ தெரியும். ஒவ்வொரு மழைக்கு முன்னாலயும் தூர் எடுக்கச் சொல்லியிருக்கேன். சின்னவன் எடுத்துடுறான்.”

காலிக் கோப்பையை எடுக்க வந்த மருமகள், எடுக்காமலே உள்ளே திரும்பிப் போனாள்.

*

தோட்டத்தில் பெரியவள் சுவரை ஒட்டி ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தாள். பிறகு மறுமுனையிலிருந்து இந்த முனைக்கு நடந்தாள்.

கண் எதையும் காணோம்.

மூன்றாம் முறை குனிந்து நடந்தபோது தெரிந்தது. சுவரின் அடியில், பழைய பூச்சின் நடுவே, வேறு கை பூசிய சதுரங்கள். மேலே ஒரே நிறத்தில் பெயின்ட். ஒன்றின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். உள்ளே கெட்டியான செங்கல். எண்ணவே வேண்டியதில்லை என்றாலும் எண்ணினாள். எட்டு.

அந்தப் பக்கமாவது திறந்திருக்காதா என்ற நப்பாசையில் தெருவைச் சுற்றிக்கொண்டு வெளிப்புறம் போனாள். அங்கேயும் அதே பூச்சு.

“என்ன டாக்டரம்மா, சுவருக்கு ஜுரமா?”

எதிர்க் கடையிலிருந்து தையல்காரர் எட்டிப் பார்த்துக் கேட்டார். அவள் டாக்டர் பட்டம் வாங்கிய காலத்திலிருந்து கீழ்த் தெருவுக்கு அவள் தண்ணி டாக்டர். முதல் வருஷம் இருமலுக்கு மருந்து கேட்டே இரண்டு பேர் வந்தார்கள்.

“ஜுரம்தான். இந்த நுனியைக் கொஞ்சம் பிடிக்கிறீங்களா?”

“துணி அளக்கிற கைதானே, சுவரையும் அளக்கும்.” வந்து பிடித்துக்கொண்டார். கழுத்தில் அவருடைய டேப்பு தொங்கியது.

“இங்க அடியில திறப்பு இருந்துச்சு இல்ல?” பெரியவள் டேப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“இருந்துச்சே. வெள்ளத்துக்கு ரெண்டு வருஷம் முன்னாடி உங்க வீட்டுல ஆளை விட்டு அடைச்சாங்க. நல்லதாப் போச்சு. எங்க தெருக் குப்பையெல்லாம் உங்க தோட்டத்துல போய் நிக்கும், எங்களுக்கே கூச்சமா இருக்கும்.” அவர் சுவரைத் தட்டிக்கொடுத்தார். “இந்த வீட்டை நாங்க மறக்க முடியுமா? அன்னைக்கு முப்பது பேரு உங்க கூடத்துலதான் இருந்தோம். ஐயா அந்த நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டு, உள்ள வா, உள்ள வான்னு ஒவ்வொருத்தரா... அவ ஒருத்திதான் வரலை.”

பெரியவளுக்குத் தெரியும். தையல்காரரின் மனைவி. ஊராருடைய துணியெல்லாம் கீழே கிடக்கிறது, பரணில் ஏற்றிவிட்டு வந்துவிடுகிறேன் என்று பின்தங்கியவள். தண்ணீர் அவள் நினைத்ததைவிட வேகமாக ஏறிவிட்டது.

“எல்லாம் அந்த வாய்க்கால் ஓரத்து ஆளுங்களால வந்தது டாக்டரம்மா. தண்ணி போற வழியில வீட்டைக் கட்டினா? என் மச்சானும் அங்கதான் இருக்கான். கூடப்பிறந்த அக்காவைத் தண்ணிக்குக் குடுத்தவன். அவனோட பேச்சை விட்டு மூணு வருஷமாச்சு. அவன் பிள்ளை கல்யாணத்துக்குக்கூட நான் போகலை.” டேப்பின் நுனியை விட்டார். “அளந்தாச்சா?”

“அளந்தாச்சு” என்றாள்.

*

சின்னவன் மருந்துக்கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிட வந்தவன், நேராகத் தோட்டத்துக்கு வந்தான். மனைவி தகவல் சொல்லியிருப்பாள்.

“வெயில்ல என்னக்கா பண்றே? உள்ள வா.”

“எப்போ அடைச்சே?”

“எதை?”

“டேய் சின்னவனே.”

ஐம்பது வயதாகிறது அவனுக்கு. அந்தக் குரலுக்கு முன்னால் இன்னும் அவனால் பொய்யைத் தொடர முடியவில்லை. சுவரோரம் கிடந்த கல்லில் உட்கார்ந்தான்.

“பாப்பாவுக்கு அப்போ ரெண்டு வயசு. ஒரு நாள் காணோம். வீடு முழுக்கத் தேடுறோம். அந்தக் கண் வழியா ஊர்ந்து தெருவுக்குப் போயிட்டா. அங்க ஒரு லாரி ரிவர்ஸ்ல வந்துக்கிட்டிருக்கு. டெய்லர் சம்சாரம் மெஷினை விட்டுட்டு ஓடி வந்து தூக்கலேன்னா இன்னைக்குப் பாப்பா இல்ல. மறுநாளே அடைச்சுட்டேன்.”

“அப்பாகிட்ட?”

“சொல்ல முடியுமா? அந்தச் சுவர்ல ஒரு ஆணி அடிக்கவே அவர்கிட்ட அனுமதி வாங்கணும். அவரும் பின்னாடி வந்து பாக்கப் போறதில்லை. அப்படியே விட்டுட்டேன்.”

“வெள்ளம் வந்தப்போ?”

அவன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

“கடப்பாரையை எடுத்துக்கிட்டு வந்தேன்க்கா. தண்ணிக்குள்ள எது கண்ணு எது சுவருன்னு தெரியலை. குத்திக் குத்திப் பாத்தேன்.”

இருவரும் சுவரைப் பார்த்தார்கள். மூன்று வருஷமாக இதை இவன் தனியாகச் சுமந்துகொண்டு மாத்திரை விற்றிருக்கிறான் என்று பெரியவளுக்குத் தோன்றியது. அவன் தோளில் கை வைக்கலாம் என்றும் தோன்றியது. கை வைத்துப் பழக்கமில்லாத குடும்பம் அது.

“நாளைக்கே ஆளை விட்டு எட்டையும் உடைச்சுடுறேன்” என்றான் சின்னவன். “நீ கண்ணு இருக்குன்னு போட்டுக்கோ. பொய் இல்லையே, இருக்கத்தானே போகுது? போனது போனதாவே இருக்கட்டும்.”

“அப்போ அந்த மார்பளவுத் தண்ணிக்கு யார் பதில் சொல்றது? வாய்க்கால் ஓரத்து ஜனங்க தலையில கட்டிடுவாங்க. கட்டுறதுக்குக் கயிறோட நிக்கிறாங்க.”

“அவங்க யாருக்கா நமக்கு?”

“இதை அப்பா காதுல விழற மாதிரி கேளு, பாக்கலாம்.”

சின்னவனுக்கு முகம் சிவந்தது. “உனக்கென்ன? எழுதிக் குடுத்துட்டு பஸ் ஏறிடுவே. நாளைக்குக் கீழ்த் தெரு முகத்துல முழிச்சுக் கடை நடத்தப் போறவன் நான். நீ எப்பவும் வந்துட்டுப் போறவதானே.”

சொல்லிவிட்டு அவனே தலையைக் குனிந்துகொண்டான். பெரியவள் டேப்பைச் சுற்றிப் பைக்குள் போட்டாள். அவன் சொன்னதில் தவறு எங்கே என்று தேடிப் பார்த்தாள். அகப்படவில்லை.

*

சாப்பாட்டு மேசையை முன்னறையில்தான் போட்டிருந்தார்கள், ஓவர்சியருக்காக. பெரியவள் பக்கத்து ஸ்டூலில் கணினியை வைத்து, கண்ணில்லாத சுவரை உள்ளே நிறுத்தினாள். ஊர் முழுவதையும் ஓட்ட நாள் பிடிக்கும். அந்த இரண்டு தெருவை மட்டும் ஓட்டினால் சாப்பிட்டு முடிப்பதற்குள் தெரிந்துவிடும்.

நாலு பேரும் சாப்பிட்டார்கள். சின்னவன் மகள் பாப்பா பள்ளிக்கூடத்திலிருந்து இன்னும் வரவில்லை. கணினியின் விசிறி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

திரையில் ஆறு கரை தாண்டியது. தண்ணீர் கீழ்த் தெருவுக்குள் வந்தது. சுவர்வரை வந்து, போக வழியில்லாமல், வந்த வழியே திரும்பி ஏறத் தொடங்கியது. கணுக்கால். முழங்கால். இத்தனை நாள் நின்ற இடத்தில் இன்று நிற்கவில்லை. தையல்காரர் வீடு இருந்த கட்டம் கறுப்பு நீலமாக மாறி, மார்பளவில் வந்து அடங்கியது.

கணக்கு சரியாக வந்ததற்காக அவள் வருந்தியது இதுவே முதல் முறை.

“என்ன வந்திருக்கு?” என்றார் ஓவர்சியர்.

“சரியா வந்துடுச்சுப்பா.”

“சரியா வந்த மூஞ்சி இப்படியா இருக்கும்? கண்ணு எத்தனை அளந்தே?”

பெரியவள் தம்பியைப் பார்த்தாள். சின்னவன் தட்டைப் பார்த்தான். கடைசியில் வாய் திறந்தது வீட்டுக்கு வாழவந்த மருமகள்.

“நான்தான் மாமா அடைக்கச் சொன்னேன். பாப்பா தெருவுக்குப் போன அன்னைக்கு. இவர் மேல தப்பில்லை.”

நடந்ததை அவளே சொன்னாள். அழாமல் சொன்னாள். ஓவர்சியர் கேட்டுக்கொண்டே தட்டில் மிச்சமிருந்ததைச் சாப்பிட்டு முடித்தார். சோற்றைப் பாதியில் விட்டுக் கை கழுவுவது அவர் வழக்கமில்லை.

“கம்பி வெச்சிருக்கலாம்” என்றார். “ஆறு கம்பி. தண்ணி போயிருக்கும், குழந்தை போயிருக்காது. என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே.”

“உங்களைக் கேக்கத்தான்ப்பா பயம்” என்றான் சின்னவன்.

ஓவர்சியர் மகனை வெகுநேரம் பார்த்தார். அந்த வீட்டில் அவருக்கு எதிரில் அப்படி ஒரு வாக்கியத்தை இதுவரை யாரும் சொன்னதில்லை. வெள்ளத்தன்று தன் கூடத்துக்கு வந்த ஒவ்வொருவரையும் பேர் சொல்லி அழைத்து உட்காரவைத்ததைத் தன் வாழ்நாளின் பெரிய காரியமாக நினைத்திருந்த மனிதர். அந்த முப்பது பேரை ஈரத்தோடு அங்கே கொண்டுவந்தது எது என்று இப்போது தெரிந்துவிட்டது.

“நாளைக்கு நீ மேடையில படிச்சு அந்த டெய்லர் தெரிஞ்சுக்கக் கூடாது” என்றார் மகளிடம். “நம்ம வீட்டுத் தப்பை நம்ம வாயாலதான் சொல்லணும். இன்னைக்கே, அவன் வாசல்ல போய். யாருன்னு கேட்டா நான் அடைச்சேன்னு சொல்லு. சுவர் என்னுது.”

“பொய் சொல்ல மாட்டேன்ப்பா.”

“எதும்மா பொய்? வீட்டுக்குத் தலைவன் நான்.”

அவர் கைப்பிடிகளை அழுத்திக்கொண்டு எழப் பார்த்தார். இடுப்பு விடவில்லை. இன்னொரு முறை முயன்றார். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டு, மகனைப் பார்க்காமலே காத்திருந்தார்.

பெரியவளும் காத்திருந்தாள். இல்லைப்பா, நான் போகிறேன் என்று சின்னவன் எழுந்துவிடுவான் என்று நினைத்தாள். அவன் விரல்கள் தட்டின் விளிம்பைப் பிடித்தபடியே இருந்தன.

அவள் எழுந்தாள்.

*

தையல்காரரின் கடையில் இரண்டு மெஷின் இருந்தன. ஒன்றின்மேல் துணி போர்த்தியிருந்தது. மற்றதில் அவர் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தார். ஸ்டூலைக் காலால் தள்ளிக் கொடுத்தார்.

“உட்காருங்க டாக்டரம்மா. சுவர் பிழைச்சுக்குமா?”

பெரியவள் உட்காரவில்லை. எத்தனையோ மேடையில், எத்தனையோ அதிகாரிகள் முன்னால் பேசியவள். இதை எப்படித் தொடங்குவதென்று தெரியாமல், கணக்கைச் சொல்வதுபோலவே சொன்னாள். தண்ணீர் எங்கிருந்து வந்தது, எங்கே போயிருக்க வேண்டும், எதில் முட்டி நின்றது, திறப்பு இருந்திருந்தால் எவ்வளவு நின்றிருக்கும்.

“முழங்கால் அளவுதான் நின்னிருக்கும். கதவைத் திறந்து வெளியில வந்திருக்கலாம்.”

மெஷின் நின்றது.

“வாய்க்கால் ஓரத்து வீடுங்க?”

“அதுங்க மறிக்கவே இல்லை. நாளைக்குக் கூட்டத்துல சொல்லப் போறேன். அதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லணும்.”

அவர் சீருடையில் இருந்த ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாப்பா தெருவுக்கு வந்துச்சே. அதுக்கு அப்புறம் அடைச்சதா?”

“ஆமா.”

“அவதான் தூக்கிட்டு வந்து குடுத்தா. லாரிக்காரனை என்னா திட்டுத் திட்டினா, தெருவே கூடிடுச்சு.” ஏதோ சின்ன வேடிக்கை நினைவுக்கு வந்தவர்போல இருந்தது அவர் முகம். பிறகு அது போய்விட்டது. “யாரு அடைச்சது? ஐயா சொல்லியா? இல்ல, தம்பியாவா?”

“நாங்கதான்.”

“நீங்க இங்க இல்லையே டாக்டரம்மா. நீங்க ஊருக்கு வந்தே எத்தனை நாளாச்சு.”

“எங்க வீட்டுச் சுவர். நாங்கதான் அடைச்சோம்.”

கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தினால் கேட்டுக்கொள்ளத் தயாராகத்தான் வந்திருந்தாள். வெளியே போ என்று சொன்னால் போவதற்கும் தயாராக இருந்தாள்.

“மச்சான் மூணு தடவை வந்தான்” என்றார் கடைசியில். “காரியம் முடிஞ்ச அன்னைக்கு வந்தான். அப்புறம் பத்திரிகை வெக்க வந்தான். இன்னொரு தடவை சும்மா வந்து அந்தப் படியில உட்கார்ந்திருந்தான். நான் மெஷினை நிறுத்தவே இல்லை. அவன் பேசினது எனக்குக் கேக்கக் கூடாதுன்னு மிதிச்சுக்கிட்டே இருந்தேன்.”

எழுந்தார். ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். கழுத்திலிருந்த டேப்பைக் கழற்றவில்லை. பொத்தான்கள் ஒன்று மாறிப் பூட்டியிருந்தன. ஊர் முழுக்கச் சட்டை தைத்துக் கொடுக்கிற மனிதர். செருப்பைத் தேடாமல் தெருவில் இறங்கி, ஒரு பார்வை ஓவர்சியர் வீட்டுப் பக்கம் பார்த்தார். பிறகு எதிர்த் திசையில், வாய்க்காலை நோக்கி நடந்தார்.

பெரியவள் கடையில் தனியாக நின்றாள். கடை திறந்து கிடந்தது. அடுத்தவர் கடையைத் திறந்தபடி விட்டுவிட்டுப் போக முடியாது. ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

கைப்பேசி அடித்தது. சின்னவன். எடுக்கவில்லை. நின்று, மறுபடி அடித்தது.

ஒரு பெண் வந்து எட்டிப் பார்த்தாள். “டெய்லர் இல்லையா?”

“வந்துடுவார்.”

“நீங்க யாரு, அவருக்குச் சொந்தமா?”

“இல்லை. பக்கத்து வீடு” என்றாள் பெரியவள். சொன்ன பிறகு அந்த வார்த்தையைத் தானே ஒரு முறை கேட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அந்தப் பெண் போய்விட்டாள். தெரு வெறிச்சென்று கிடந்தது. வெயில் சுவரின் மேல் முனைக்கு ஏறிவிட்டபோது, வாய்க்கால் திருப்பத்தில் பேச்சுக்குரல் கேட்டது. முதலில் தையல்காரருடைய குரல் என்றுதான் நினைத்தாள். இல்லை, இரண்டு பேர். இரண்டுக்கும் மேலே. ஒரு கூட்டமே பேசிக்கொண்டு வருவதுபோலிருந்தது. கோபமா, அழுகையா என்று அங்கிருந்து பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பெரியவள் எழுந்து, மேசையில் விரிந்து கிடந்த சீருடையை மடித்து வைத்துவிட்டு, கடை வாசலில் வந்து நிமிர்ந்து நின்றாள்.